ஒரு சல்லடைத் தவிடு

பெண் கேட்டுப் போன அன்று அந்த அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். எங்கள் பக்கத்தில் நான் ஷாகிர், ஹாஜி உஸ்மான் வீட்டின் மூத்தவன். என் தம்பி சத்தில்மிஷ். கணவனை இழந்த அவனுடைய மருமகள் சபிஹா. சபிஹாவின் மகன் தாரிக், அங்காராவில் பள்ளி ஆசிரியர். பெண் வீட்டார் பக்கத்தில் யெதெர். அவளுடைய மகன் இத்ரிஸ். இத்ரிஸின் மகள் நெர்கிஸ். நெர்கிஸின் தாய் பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டாள். பெண்ணை வளர்த்தது யெதெர்தான். எட்டாவது ஆள் எங்கள் கெரெம்லி ஊர்த் தலைவர் பெகிர். அவரை யாரும் அழைக்கவில்லை. வண்டி நிற்பதைப் பார்த்து வந்தார், காபி கொடுத்தார்கள், உட்கார்ந்துவிட்டார்.

சந்தையில் இந்தக் கதை இப்போது பல விதமாக ஓடுகிறது. எல்லாவற்றிலும் பெகிரின் கைவண்ணம் தெரிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

முதலில் தம்பியின் பெயர். சத்தில்மிஷ் என்றால் விற்கப்பட்டவன் என்று பொருள். இல்காஸ் மலையின் இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் ஊருக்கு இரண்டு சத்தில்மிஷாவது இருப்பார்கள். இப்போது யாரும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பதில்லை. நகரத்தில் அது வசவாகிவிட்டது. காசுக்குக் கட்சி மாறியவனை அப்படித்தான் திட்டுகிறார்கள். தாரிக் தன் பள்ளியில் தாத்தாவின் பெயரைச் சொன்னபோது ஆசிரியர்கள் சிரித்தார்களாம். பஞ்சத்தில் ஒரு மூட்டை பார்லிக்கு எங்கள் வீடு பிள்ளையை விற்றது என்று இங்கேயே சொல்கிறவர்களும் உண்டு. பஞ்ச வருடத்திலும் எங்கள் களஞ்சியத்தில் பார்லி இருந்தது. ஊருக்குக் கொடுத்தோம். யாரிடமும் வாங்கவில்லை.

எனக்குப் பிறகு அம்மா மூன்று பிள்ளைகள் பெற்றாள். மூன்றும் நாற்பதாம் நாளைப் பார்க்கவில்லை. மூன்றாவதற்கு துர்சுன் என்று பெயர் வைத்தார்கள். நிற்கட்டும் என்று அர்த்தம். அவன் நிற்கவில்லை. அதற்கடுத்த பனிக்காலத்தில் தம்பி பிறந்தான். ஊர்ப் பெண்கள் அம்மாவிடம் சொன்னது இதுதான்: மரணத்துக்கு இந்த வீட்டு வாசல் பழகிவிட்டது, இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி மறுபடியும் வரும், வரும்போது பிள்ளை இந்த வீட்டுடையதாக இருக்கக் கூடாது. விற்றுவிடு.

எல்லாருக்கும் விற்க முடியாது. பெற்ற பிள்ளைகள் அத்தனையும் உயிரோடு இருக்கும் ஒருத்திதான் வாங்க வேண்டும். ஓடைக்கு அப்பால் தண்ணீரில் சுற்றும் மாவு மில் வைத்திருந்த ஹலீலின் மனைவி எஸ்மே அப்படிப்பட்டவள். ஒன்பது பிள்ளைகள், ஒன்பதும் கல் மாதிரி இருந்தன. ஒன்பதாவது அதே பனிக்காலத்தில்தான் பிறந்திருந்தது. அதற்கு யெதெர் என்று பெயர் வைத்திருந்தாள். போதும் என்று அர்த்தம்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பனியில் எஸ்மே நின்றாள். கையில் ஒரு சல்லடைத் தவிடு. அம்மா ஜன்னல் வழியாகப் பிள்ளையை நீட்டினாள். எஸ்மே தவிட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தன் சட்டையின் கழுத்து வழியாக உள்ளே விட்டுக் கீழே எடுத்தாள், தானே பெற்றதுபோல. பிள்ளை வீறிட்டது.

"போதும்னு சொல்லித்தானே அல்லாகிட்ட வேண்டினேன்," என்று எஸ்மே சத்தமாகச் சொன்னாள். "வாசலை மூடினா ஜன்னல் வழியா அனுப்புறானே!"

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். பிறகு எஸ்மே வீட்டைச் சுற்றி வந்து வாசல் கதவைத் தட்டினாள். "எங்கிட்ட ஒரு பிள்ளை இருக்கு, பால் இல்ல. இந்த வீட்டுல பாலுள்ளவ யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்று சொல்லி அம்மா தன் பிள்ளையைக் கூலிக்கு வாங்குகிறவள்போல வாங்கிக்கொண்டாள். ஆகவே தம்பி குடித்தது பெற்றவளின் பால்தான். எஸ்மேயின் பாலைக் குடித்திருந்தால் பால் உறவாகி, நிக்காஹ் கூடாது என்றாகியிருக்கும். இரண்டு வீட்டுக்கும் இடையில் பெண் எடுக்கத் தடை எதுவும் இல்லை. இமாமிடமும் கேட்டாயிற்று.

தம்பி நின்றான். நாற்பது நாள் கடந்தது, வருடம் கடந்தது. ஆனால் அம்மா அவனை ஒருநாளும் மகனே என்று அழைக்கவில்லை. அழைத்தால் மரணத்தின் காதில் விழும். "எஸ்மே பையன் சாப்பிட்டானா? எஸ்மே பையனுக்குக் குளிருதான்னு பாரு" என்றுதான் சொல்வாள். ஏழாவது வயதில், சுன்னத்துக்கு முன்னால், அப்பா ஓர் ஆட்டுக் கிடாவைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிள்ளையைத் திரும்ப வாங்கி வர வேண்டும். அது முறை. அன்றிலிருந்து மகனே என்று கூப்பிடலாம். அம்மா அதற்காகக் காத்திருந்தாள்.

ஏழாவது வருடம் மழை இல்லை. மில்லுக்குப் போகும் வாய்க்கால் எங்கள் மேட்டு நிலத்தைத் தாண்டித்தான் போகிறது. அப்பா அடைத்தார், ஹலீல் உடைத்தார். சந்தை நடுவில் வார்த்தை தடித்தது. ஹலீல் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அப்பா சொன்னதை எழுதலாம்: "இவன் வீட்டு வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன். என் வீட்டு ஆம்பளை எவனும் மிதிக்க மாட்டான்."

கிடா கொட்டகையிலேயே நின்றது. சுன்னத்து முடிந்தது. தம்பி மட்டும் அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அப்பா தடுக்கவில்லை. இன்னும் வாங்கப்படாதவன், அதனால் அந்த வாக்கு அவனைக் கட்டுப்படுத்தாது. அப்பாவின் வார்த்தை அவ்வளவு துல்லியமானது. ஹலீல் இறந்தார், அப்பா இறந்தார், எஸ்மே இறந்தாள். அம்மாவும் போய்விட்டாள். நான் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். சொன்ன சொல்லுக்கு நின்றவர். நானும் அந்த வாசற்படியை மிதித்ததில்லை.

தாரிக்குக்கு நெர்கிஸைப் பிடித்திருக்கிறது என்று சபிஹா சொன்னபோது நான் முதலில் கேட்டது அந்தப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்றுதான். இத்ரிஸ் தன் பெயரில் ஓடைக்கு இந்தப் பக்கம் புது வீடு கட்டியிருக்கிறான். பழைய மில் வீடு எதிரே பூட்டிக் கிடக்கிறது, வைக்கோல் போட்டு வைத்திருக்கிறார்கள். புது வீட்டின் வாசற்படி ஹலீலுடையது இல்லை. போகலாம் என்றேன்.

அஸர் தொழுகை முடிந்து போனோம். சபிஹாவின் கைப்பையில் சிவப்பு நாடாவில் கட்டிய இரண்டு மோதிரங்கள். என் கையில் இனிப்புப் பெட்டி. நெர்கிஸ் காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளைப் பையனின் கோப்பையில் உப்புப் போடுவது வழக்கம். தாரிக் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"அடேங்கப்பா," என்றார் பெகிர். "ரெண்டு கரண்டி போட்டிருப்பா போல. கண்ணுல தண்ணியே வந்துருச்சு பையனுக்கு."

"தூசி," என்றான் தாரிக்.

"காபியில தூசியா? இத்ரிஸ், வீட்டைப் பெருக்கச் சொல்லுப்பா."

சிரிப்பு அடங்கியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அல்லாஹ்வோட கட்டளைப்படி, நபியோட வழிப்படி, உங்க நெர்கிஸை எங்க தாரிக்குக்குக் கேட்டு வந்திருக்கோம்."

இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். கொஞ்சம் இழுத்துவிட்டுத் தருகிறோம் என்பார்கள். யெதெர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"யாருக்குன்னு சொன்னீங்க அண்ணே?"

"எங்க தாரிக்குக்கு."

"எங்கன்னா எந்த வீடு?"

"ஹாஜி உஸ்மான் வீடு. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். எனக்குத்தான் குழப்பமா இருக்கு." அவள் ஓர் ஓட்டைத் தட்டில் போட்டாள். "இந்தப் பையனோட தாத்தா இதோ உட்கார்ந்திருக்கானே, இவனை எங்கம்மா ஒரு சல்லடைத் தவிட்டுக்கு வாங்கினா. திரும்ப வாங்கிட்டுப் போக யாரும் வரல. நானும் சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன், கிடாவும் வரல, மனுஷனும் வரல. அப்ப தாத்தா எங்க வீடு. தாத்தா எங்க வீடுன்னா பேரனும் எங்க வீடு. என் வீட்டுப் பொண்ணை என் வீட்டுப் பையனுக்கே எப்படிக் கொடுக்கறது? இந்த ரூம்லேர்ந்து அந்த ரூமுக்கா?"

பெகிர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. யெதெரும் சிரிக்கவில்லை.

"அம்மா, விடும்மா," என்றான் இத்ரிஸ். "அந்தக் காலத்துப் பழக்கம். இப்ப யாரு பாக்குறா?"

"நான் பாக்குறேன்டா. எங்கம்மா சாகும்போது என்ன கேட்டா தெரியுமா? அந்தப் பையனை வாங்க வந்தாங்களான்னு கேட்டா. வரலம்மான்னு சொன்னேன். அப்ப நீ வச்சுக்கோன்னுட்டுப் போயிட்டா. வச்சிருக்கேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "முதல்ல வாங்குங்க. அப்புறம் கேளுங்க."

சபிஹாவின் முகம் வெளுத்துவிட்டது. "யெதெர் அத்தை, பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். நெர்கிஸ் சமையலறைக் கதவோரம் தட்டைப் பிடித்தபடி நின்றாள். தாரிக் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கை காட்டினேன், உட்கார்ந்தான்.

நான் எழுந்தேன். ஹாஜி உஸ்மான் வீட்டார் ஒரு வாசலில் இரண்டு முறை கேட்பதில்லை. கோட்டின் பொத்தானைப் போட்டேன். சபிஹா எழுந்தாள், தாரிக் எழுந்தான். நான் எழுந்தால் சத்தில்மிஷ் எழுவான். அறுபது தாண்டியும் அப்படித்தான். அன்று அவன் எழவில்லை. பெரிய உடம்பு, வலது முழங்கால் சரியில்லை. முதலில் அதுதான் காரணம் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவன் கையைப் பிடிக்கவில்லை.

"அண்ணே, உட்காருங்க," என்றான்.

"கிளம்பலாம் வா."

"எங்க வர்றது? எந்த வீட்டுக்கு?" அவன் குரலை உயர்த்தவில்லை. எதையும் உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. "அம்மா கடைசியா தண்ணி கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்காண்ணே?"

இருந்தது. நான் அந்தக் கட்டிலின் தலைப்பக்கம் நின்றிருந்தேன்.

"எஸ்மே பையன் கொடுக்கட்டும்னா," என்றான். "நான்தான் கொடுத்தேன். குடிச்சா. என்னைப் பார்த்தா. வாயைத் திறந்தா. அப்புறம் மூடிக்கிட்டா. சாகற நேரத்துலயும் எனக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயந்தாண்ணே அவ. எனக்கு அப்ப நாப்பது வயசு. ரெண்டு பிள்ளைங்களுக்கு அப்பன்."

பெகிர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"யெதெர் எதுக்குக் கேக்குறான்னு நினைக்கிறீங்க?" என்றான் தம்பி. "நான்தான் கேக்கச் சொன்னேன். எனக்கு உங்ககிட்ட கேக்கத் தைரியம் இல்ல."

நான் உட்கார்ந்தேன். காபிக் கோப்பை காலியாக இருந்தது, இருந்தாலும் எடுத்து வாயில் வைத்தேன். அப்பாவின் வார்த்தை ஒரு பக்கம். அதை நான் உடைக்க முடியாது. உடைத்தால் எங்கள் வீட்டில் சொல் என்று ஒன்று இல்லாமல் போகும். தம்பி இன்னொரு பக்கம். முதன்முறையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறான்.

"எங்க வச்சு வாங்கணும்?" என்றேன்.

"எங்கம்மா வீட்டுல," என்றாள் யெதெர். "மில் வீட்டுல. வேற எங்க?"

"அந்த வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன்."

"பாத்தியா," என்று அவள் தம்பியைப் பார்த்தாள். "சொன்னேன்ல? செத்தவன் வார்த்தையை இவரு இன்னும் பூட்டி வச்சிருக்காரு."

"யெதெர்," என்றேன், "உங்கம்மா இவனை எங்க வாசல் வழியாவா வாங்கினா?"

அவளுடைய கை நின்றது.

"ஜன்னல் வழியா," என்றாள் மெதுவாக.

"நானும் ஜன்னல் வழியாவே வாங்கிக்கிறேன். அப்பா வாசற்படியைத்தான் சொன்னாரு. ஜன்னலைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

பெகிர் தொடையைத் தட்டினார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீங்க!" நான் அவரைப் பார்க்கவில்லை. யெதெர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த வால்நட் ஓடுகளை உதறிவிட்டு எழுந்தாள்.

விலை பேச வேண்டியிருந்தது. வாங்குகிறவன் பேரம் பேசக் கூடாது, விற்கிறவள் சொல்வதே விலை. முறை அது. நான் முந்திக்கொண்டேன். "ரெண்டு கிடா. நாளைக்குக் காலையில உன் கொட்டகையில நிக்கும்."

"ஒரு சல்லடைத் தவிடு," என்றாள் அவள்.

"ஹாஜி உஸ்மான் வீட்டுப் பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினேன்னு ஊரு பேசணுமா? மூணு கிடா."

"எங்கம்மா தவிட்டுக்கு வாங்கினா, நான் தவிட்டுக்குத்தான் கொடுப்பேன். கூடப்பொறந்தவனை வச்சு லாபம் பாக்குற வியாபாரி இல்ல நான்."

தவிடே இருக்கட்டும் என்றேன்.

"எடை போட்டுப் பாருங்கண்ணே," என்றான் சத்தில்மிஷ். அவன் முகத்தில் நிறம் வந்திருந்தது. "வாங்கும்போது ரெண்டு கைக்குள்ள அடங்கினேன். இப்ப நூத்திப்பத்து கிலோ. அதே தவிட்டுக்கு இவ்ளோ கிடைச்சா உங்களுக்குத்தான் லாபம்."

"தீனி யாரு போட்டது? பாதி எங்க வீட்டு ரொட்டி," என்றாள் யெதெர். "போகட்டும், அதைக் கழிச்சுக்கறேன்."

இத்ரிஸ் மாட்டுக் கொட்டகையிலிருந்து தவிடு கொண்டுவந்தான். சல்லடையை யெதெரே எடுத்துத் தந்தாள். பழைய சல்லடை, விளிம்பில் வேறொரு தோலை வைத்துத் தைத்திருந்தார்கள். அதுதானா என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் ஓடையின் மேல் போட்ட பலகையைத் தாண்டி மில் வீட்டுக்குப் போனோம்.

தம்பி வாசல் வழியாக உள்ளே போனான், அவர்கள் பிள்ளையாக. யெதெரும் இத்ரிஸும் பெகிரும் அவன் பின்னால் போனார்கள். நான் சுவரைச் சுற்றி ஜன்னல் பக்கம் போனேன். சபிஹாவும் பிள்ளைகள் இருவரும் ஓடைக்கரையிலேயே நின்றார்கள். தாரிக் உதவிக்கு வந்தான். நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். இது பேரன் செய்கிற வேலை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மில் நின்றுபோய் வருடக்கணக்காகிறது. ஓடை ஒவ்வொரு வசந்தத்திலும் வண்டல் கொண்டுவந்து அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஹலீல் காலத்தில் என் மார்பு உயரத்தில் இருந்திருக்க வேண்டிய ஜன்னல் இப்போது தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கிறது.

உள்ளிருந்து ஜன்னல் கதவைத் திறந்தார்கள். வைக்கோல் தூசி பறந்தது. யெதெரின் முகம் தெரிந்தது. நான் சல்லடையை நீட்டினேன். அவள் ஒரு கைப்பிடி எடுத்து விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தாள்.

"நல்ல தவிடு," என்றாள். "உங்க மாட்டை விட எங்க மாடு நல்லாச் சாப்பிடுது. சரி, எடுத்துக்கோங்க உங்க பிள்ளையை."

முதலில் தலை வந்தது. பிறகு ஒரு தோள். பிறகு எதுவும் வரவில்லை.

"மூச்சை விடுய்யா!" என்று உள்ளே பெகிர் கத்துவது கேட்டது. "வயித்தை எக்கு!"

"எங்க எக்குறது, வயிறுதானே முழுசும்," என்றான் தம்பி, பாதி ஜன்னலில் தொங்கியபடி.

"எங்கம்மாவுக்கு இவன் சுலபமாப் பொறந்தான்!" இது யெதெர். "இத்ரிஸ், காலைப் புடிச்சுத் தள்ளுடா. அந்தக் கால் இல்ல, அது வலிக்கிற காலு!"

ஓடைக்கரையில் நெர்கிஸ் சிரிப்பதும் சபிஹா அவளை அடக்குவதும் கேட்டது. நான் என் மேல்கோட்டைத் திறந்தேன். எஸ்மேவுக்குச் சட்டை இருந்தது. எனக்கு இதுதான் இருந்தது. கோட்டின் ஒரு பக்கத்தைத் தம்பியின் தலைமேல் போட்டு, இரண்டு கையையும் அவன் அக்குளுக்குள் கொடுத்து இழுத்தேன். அவன் முழு எடையும் என் மார்பில் சாய்ந்தது. கோட்டுக்குள் இருட்டாக இருந்திருக்கும். அவன் மூச்சு என் சட்டை வழியாகச் சுட்டது. வைக்கோலும் புகையிலையும் நாறின.

அப்போதுதான் அம்மா சொல்லாமல் போன அந்தச் சொல்லை அவளுக்குப் பதிலாக நான் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. அவன் காதுக்கு மட்டும். ஏழு வயதில் கேட்டிருக்க வேண்டியவன் நரைத்த தலையோடு கேட்டான். கொஞ்ச நேரம் கோட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை, அவ்வளவுதான். நானும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு கோட்டின் மறுபக்கம் வழியாகத் தலையை நீட்டினான். மேலெல்லாம் வைக்கோல். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பெரிய பொத்தானண்ணே உங்க கோட்டுல," என்றான். "நெத்தியில குத்திருச்சு."

பெகிர் ஜன்னலில் தலையை நீட்டினார். "இனிமே இவரு சத்தில்மிஷ் இல்லையே. விலைக்கு வாங்கியாச்சு. பேரை மாத்தணும். வாங்கப்பட்டவன்னு வைப்போமா?"

"பட்டாளத்துல கூப்பிட்டது இந்தப் பேரு," என்றான் தம்பி. "பள்ளிவாசல்ல நிக்காஹ் ஆனது இந்தப் பேர்ல. இந்தப் பேரு இல்லேன்னா நான் நாப்பதாம் நாளே போயிருப்பேன். இதை ஏன் மாத்தணும்?"

கரையில் நின்ற தாரிக் அதைக் கேட்டான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அங்காராவுக்குப் போனபோது திருமண அழைப்பிதழில் தாத்தா பெயரை அப்பா பெயருக்கு மேலே பெரிய எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்தில் கொடுத்திருக்கிறான். சபிஹா சொன்னாள்.

யெதெர் மட்டும் ஜன்னலிலேயே நின்றாள். "இனிமே நீ இந்த வீட்டுப் படி ஏற முடியாதுல்லடா?" என்றாள் தம்பியிடம். குரல் வேறு மாதிரி இருந்தது. அதை அவள் யோசித்திருக்கவில்லை போலும். நானும் யோசித்திருக்கவில்லை. இப்போது அவன் எங்கள் வீட்டு ஆண். அப்பாவின் வார்த்தை அவனையும் கட்டும்.

தம்பி என்னைப் பார்த்தான்.

"ஜன்னல் இருக்கு," என்றேன்.

புது வீட்டுக்குத் திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, அதே வார்த்தைகளை முதலிலிருந்து சொன்னேன். "அல்லாஹ்வோட கட்டளைப்படி, நபியோட வழிப்படி." யெதெர் எந்த வீடு என்று கேட்கவில்லை. "கொடுத்தோம்," என்றாள். "நல்லா இருக்கட்டும்." இருவருக்கும் மோதிரம் போட்டதும் சிவப்பு நாடாவை வெட்டும் உரிமை மூத்தவனுக்கு. கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார்கள். நான் அதைத் தம்பியிடம் கொடுத்தேன், மாப்பிள்ளை அவனுடைய பேரன்தானே. சர்பத் வந்தது. இரண்டு கிடாவும் மறுநாள் காலையில் யெதெரின் கொட்டகைக்குப் போய்விட்டன. விலையாக இல்லை. நிச்சயதார்த்த விருந்துக்கு.

இப்போது சந்தையில் பேசுவது. ஹாஜி உஸ்மான் வீட்டு ஷாகிர், மில்காரன் வீட்டின் முன்னால், ஊர்த் தலைவர் பார்க்க, சேற்றில் இரண்டு முழங்காலையும் ஊன்றி மண்டியிட்டுத் தம்பியைப் பிச்சையாகக் கேட்டார் என்கிறார்கள். என் கால்சட்டையில் முழங்காலில் சேறு இருந்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறார்கள். சேறு இருந்தது உண்மை.

நான் மண்டியிடவில்லை. ஜன்னல் தாழ்வாக இருந்தது.